கம்பனிகளின் செல்வாக்குக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் எதிராகக் கொழும்பில் ஒரு போராட்ட முகாமை நாள்கணக்கில் நடத்த என்ன வேண்டும்?

மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் முதல் மலசலகூடத்தை யோசியுங்கள். 2022 ஏப்ரல் 9இல் ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொல்லிக் காலிமுகத்திடலில் தொடங்கிய ‘கோட்டா கோ கம’ முகாம் மூன்று மாதத்துக்கு மேல் நின்றது வெறும் கோஷத்தால் இல்லை. சமையல், முதலுதவி, நூலகம், சட்ட உதவி எல்லாம் அங்கேயே இருந்தன.

உதவி அமைப்புகள் அனர்த்த முகாம்களுக்குப் பின்பற்றும் ஸ்பியர் (Sphere) என்ற சர்வதேச அளவுகோலைப் பிடியுங்கள்: தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், நாள் நீண்டால் 20 பேருக்கு ஒன்று, ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர். 200 பேர் தங்கினால் 3,000 லீற்றர். பௌசர் வராத நாளுக்கும் சேர்த்துத் தாங்கி வையுங்கள். பெண்களின் மலசலகூடம் வெளிச்சத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரவில் முகாம் ஆண்கள் மடமாகிவிடும்.

மே மாதத்திலிருந்து தென்மேல் காற்று கடலிலிருந்து அடிக்கும். தறப்பாளைத் தட்டையாகக் கட்டினால் நடுவில் மழைத்தண்ணி தேங்கி, கயிறு கட்டிய ஓட்டை கிழியும். கடல் பக்கம் தாழ்த்திச் சரிவாகக் கட்டுங்கள். மணல் தரையில் முளை நிற்காது, மண்மூட்டைதான் சரி.

100 பேருக்கு ஒரு வேளைக்கு 12 கிலோ அரிசி போதும். பருப்புக்குத் தேங்காய்ப்பால் விடாதீர்கள், மத்தியானப் பார்சல் பின்னேரம் புளிக்கும்.

கம்பனி தண்ணீர்ப் போத்தல் தந்தால் வாங்கலாம், அதன் பதாகையைக் கட்டவிடாதீர்கள். காசாக வாங்காமல் பொருளாக வாங்கி, வரவைப் பலகையில் எழுதுங்கள். களவுக் கதை கிளம்பினால் முகாம் அன்றைக்கே பாதி கலைந்துவிடும்.

பொலிஸ் பொல்லுக்கு முதல் பெரும்பாலும் கடதாசியோடு வரும்: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் நீதவான் கொடுத்த தடை உத்தரவு. யாருக்கு, எந்த வீதிக்கு, எதுவரை என்று பார்த்து, உடனே படமெடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். சாதாரண சட்டத்தில் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணியின் இலக்கத்தையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐயும் கையில் பேனையால் எழுதுங்கள். முதலில் பறிபோவது போன்தான்.

கண்ணீர்ப்புகை அடித்தால் கூடாரத்துக்குள் ஓடாதீர்கள், புகை அங்கேதான் தங்கும். காற்று வீசிவரும் பக்கமாகப் போய், கண்ணைச் சுத்தமான தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். பற்பசை, தேசிக்காய் எதுவும் வேண்டாம். இரவுக் காவலை விடியும்வரை முறைபோட்டு வையுங்கள். 2022 ஜூலை 22இல் கோட்டா கோ கமவுக்குப் படையினர் வந்ததும் நள்ளிரவு தாண்டி, விடிய முதல்தான்.