ஜான் மெக்கெய்னுக்கு 'கேப்டன்' பதவி இறக்கமா?

இறக்கம் இல்லை, உயர்வுதான். பின்னாளில் அமெரிக்க அரசியல்வாதியான மெக்கெய்ன், 1967-ல் வியட்நாம் போரில் விமானம் வீழ்த்தப்பட்டபோது அமெரிக்கக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருந்தவர், 1981-ல் வெறும் கேப்டனாக ஓய்வு பெற்றாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டருக்கு மேல் கமாண்டர், அதற்கும் மேல்தான் கேப்டன்.

தரைப்படைக் கணக்கில் பார்த்திருப்பீர்கள். பஞ்சாபின் முன்னாள் முதல்வர் அமரிந்தர் சிங் பெயருக்கு முன்னால் வருவது தரைப்படை கேப்டன்; அங்கே அது கர்னலுக்குக் கீழான பதவி. கடற்படை கேப்டன் தரைப்படை கர்னலுக்குச் சமம், நம் நாட்டிலும் அப்படித்தான்.

சீருடைப் படம் கிடைத்தால் கோட்டின் கை நுனியைப் பாருங்கள். நான்கு தடித்த தங்கக் கோடுகள் இருந்தால் கேப்டன். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு இருந்தால் லெப்டினன்ட் கமாண்டர்.

ஆனால் படம் யாருடையது என்பதில் கவனம் தேவை. அப்பா, தாத்தா இருவர் பெயரும் ஜான் மெக்கெய்ன்தான், இருவரும் அட்மிரல்கள்.

நீங்கள் எழுதும் கட்டுரையில் அவரது போர்க் காயங்களை விட்டுவிட்டு 1981-லிருந்து நேராக 1982 பிரதிநிதிகள் சபைத் தேர்தலுக்குத் தாவிவிடாதீர்கள். விமானத்திலிருந்து வெளியேறி வியட்நாமின் ஹனோய் நகர ஏரியில் விழுந்தார்; வெளியேறியபோதே இரண்டு கைகளும் ஒரு காலும் முறிந்தன. பிறகு போர்க் கைதியாக ஐந்தரை ஆண்டு சிறை. 2008-ல் அதிபர் வேட்பாளராக மேடை ஏறியபோதும் அவரால் கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அதை அவசியம் எழுதுங்கள்.