பாஸ்டனில் இரண்டே நாள்: ஃப்ரீடம் டிரெயில் என்பது என்ன?

பாஸ்டன் நடைபாதைகளில் ஓடும் ஒரு சிவப்புக் கோடுதான் அது. சில இடத்தில் பெயின்ட், சில இடத்தில் செங்கல். பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து பங்கர் ஹில் என்ற அமெரிக்க விடுதலைப் போர் நினைவிடம் வரை சுமார் 4 கிலோமீட்டர். வழியில் 16 வரலாற்று இடங்கள். பழைய ஊர் என்பதால் தெருக்கள் வளைந்து நெளிந்து கிடக்கும், புதிதாக வருபவர் குழம்பிப்போவார். அதனால்தான் 1951இல் வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் இந்த வரலாற்று இடங்களை ஒரே நடைவழியாக இணைக்கச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குத் தரையில் கோடு போட்டிருப்பார்களே, அதே கதைதான்.

முதல் நாள் நார்த் எண்ட் என்ற இத்தாலியர் பகுதி வரை போதும். அங்கேயே இத்தாலியச் சாப்பாடு. மறுநாள் ஆற்றைக் கடந்து பங்கர் ஹில் நினைவுத்தூண்: 294 படி, லிஃப்ட் கிடையாது. கார் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், இதற்கு டிக்கெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டில் நடக்கக் காசில்லை. விடுதலைப் போராளி பால் ரிவியரின் வீடு போன்ற சில இடங்களுக்குள் நுழையத்தான் கட்டணம்.