கீவ் பக்கத்துல இருந்த மெஜிஹிரியா மடாலயம் எப்படி காணாம போச்சு?

உக்ரைன் மாஜி அதிபர் யானுகோவிச்சோட பங்களான்னு 2014ல டிவில காட்டுனாங்களே, தோட்டம், மிருகக்காட்சி சாலைன்னு, அந்த இடம்தாங்க இது. டினிப்ரோ நதி ஓரம், விஷ்ஹோரோட் பக்கம்.

17ம் நூற்றாண்டுல இது ஜபோரோஜிய கொசாக்குகளோட (டினிப்ரோ ஓரம் தனி ராணுவமா வாழ்ந்த போர்வீரர் கூட்டம்) மடாலயம். சண்டை போட்டு வயசான வீரர்களும் காயம்பட்டவங்களும் கடைசி காலத்துக்கு இங்கதான் வருவாங்க, அவங்களுக்கு ஆஸ்பத்திரி கூட இருந்துச்சு, செலவுக்கு கொசாக்குகளே கொடுத்தாங்க. 1775ல ரஷ்ய ராணி கேத்தரின் கொசாக் கோட்டையையே கலைச்சதும் ஆதரவு போச்சு, 1786ல மடாலயத்தையும் மூடிட்டாங்க, அடுத்த வருஷமே தீ வேற. அப்புறம் 1798ல அங்க பீங்கான் ஃபேக்டரி வந்துச்சு (சாமி கும்பிட்ட இடத்துல தட்டு, கோப்பை!), நல்லாவே பேர் வாங்குச்சு. 1894ல திரும்ப மடாலயம் ஆச்சு, ஆனா புரட்சிக்கப்புறம் சோவியத்காரங்க மூடிட்டாங்க.

மொத்தமா இடிச்சது 1935ல. 1934ல சோவியத் உக்ரைனுக்கு கீவ் தலைநகரானதும் கட்சித் தலைவர்களுக்கு வீடு கட்ட இடம் தேவைப்பட்டுச்சு, அவ்ளோதான் காரணம். 11ம் நூற்றாண்டுல கீவை ஆண்ட யாரோஸ்லாவ் மன்னரோட நூலகம் அடியில புதைஞ்சிருக்குன்னு சொல்றதெல்லாம் வெறும் வதந்தி, எனக்கு நம்பிக்கை இல்ல.