தாராசுரம் கோயிலருகே பழைய ஓட்டு வீடு: இடித்துக் கட்டலாமா?

கேள்வி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் மதிலிலிருந்து சுமார் 60 மீட்டரில் எங்கள் பூர்வீக ஓட்டு வீடு இருக்கிறது. கைமரங்கள் உளுத்து, மழைக்குத் தறி நனைகிறது. தை மாதம் மகன் திருமணம். இடித்துவிட்டுத் தளம் போட்டு, மாடியில் ஓர் அறையும் கொல்லையில் கழிப்பறையும் கட்டலாம் என்கிறார் கொத்தனார். மாநகராட்சி அனுமதி போதுமா? அடுத்த வீட்டில் சென்ற ஆண்டு மாடி கட்டிவிட்டார்கள்.

பதில்: எந்தச் சுவரையும் இப்போது இடிக்காதீர்கள். இடித்தால் திரும்பக் கட்டும் வழியே அடைபட்டுவிடக்கூடும்.

உங்கள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது அந்தப் பட்டியல் அல்ல, 2010இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னங்கள் சட்டம். அதன்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி. தூரத்தைக் கருவறை மேலுள்ள விமானத்திலிருந்து அளப்பது பலரும் செய்யும் தவறு. கிழக்கே மதிலுக்கு வெளியே சிதைந்து நிற்கும் கோபுரமும் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறதா என்பதைத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, உங்கள் நகர நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் தூரம் சரியென்றால் வீடு தடைப் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே புதுக் கட்டுமானத்துக்கு அனுமதியே கிடையாது. மேலே உயர்த்துவதும் பக்கவாட்டில் நீட்டுவதும் "கட்டுமானம்" என்றே சட்டம் வரையறுப்பதால், மாடி அறை முடியாது. அதே அளவில் இடித்துக் கட்டுவது "மறுகட்டுமானம்". அதற்கு முறைப்படுத்தப்பட்ட பகுதியில் விண்ணப்பிக்கலாம், தடைப் பகுதியில் அந்த வழி இல்லை. உங்களுக்கு மிஞ்சுவது பிரிவு 20சி தரும் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் மட்டுமே. அதுவும் 16.6.1992க்கு முன்பே இருந்த கட்டடமாகவோ, பின்னர் முறையான ஒப்புதலுடன் கட்டப்பட்டதாகவோ இருந்தால்தான். பழைய வீட்டு வரி ரசீது, கிரயப் பத்திரம், மின் இணைப்பு ஆவணம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கல்யாண ஆல்பத்தில் திண்ணையும் கூரையும் தெரியும் படம் இருந்தால் அதையும் சேருங்கள். சில வேளை ரசீதைவிட அதுவே பேசும்.

கைமரங்களையும் ஓட்டையும் மாற்ற, வீட்டின் நீளம், அகலம், உயரம் கூடாது என்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்படி விண்ணப்பியுங்கள். ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் தளம் என்று கேட்டால், அது பழுதுபார்ப்புதானா என்ற கேள்வி எழும்; நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டோடு நிற்பேன். வடிகாலுக்கும் பொதுக் கழிப்பறைக்கும் "கட்டுமானம்" என்பதன் வரையறையில் உள்ள விலக்கு கொல்லையில் தனியாகக் கட்டும் கழிப்பறைக்குப் பொருந்தாது. ஆகவே உள்ளே இருக்கும் ஓர் அறையைக் கழிப்பறையாக மாற்றுவதாகவே விண்ணப்பத்தில் காட்டுங்கள்.

மாநகராட்சியின் கட்டட அனுமதி இந்தச் சட்டப்படி பெறும் அனுமதிக்கு மாற்றாகாது. தகுதிவாய்ந்த அதிகாரி (இந்தச் சட்டப்படி விண்ணப்பத்தைப் பெற்று அனுமதி தருபவர்) விண்ணப்பத்தை 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் பரிந்துரைக்க இரண்டு மாதம், அதன்பின் அதிகாரி முடிவெடுக்க ஒரு மாதம். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டே மறுக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் மாடி எடுத்தது உங்களுக்கு உரிமை ஆகாது. ஒருவரின் விதிமீறலைக் காட்டி இன்னொருவர் சமத்துவம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. தடைப் பகுதியில் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனி பிறந்ததும் விண்ணப்பம் போனால், எல்லாம் காலக்கெடுவில் நடக்கும் பட்சத்தில், ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றிவிடலாம். அதுவரை தறிக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்; அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.