பிரஷருக்குக் குளிசையா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

பிரஷர் பற்றிக் கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு ஒன்றாகப் பதில் தருகிறேன். கிளினிக்கில் தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் கொப்பியையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருந்தைத் தீர்மானிப்பது டொக்டர்தான்.

மல்லாவி, 46 வயது: மருத்துவ முகாமில் 152/94 என்றார்கள். குளிசை தொடங்கினால் சாகும் வரை போட வேண்டுமாம். முதலில் சாப்பாட்டால் குறைத்துப் பார்க்கலாமா?

அண்ணை, ஒரு நாள் அளவை வைத்து முடிவெடுப்பதில்லை. வெயிலுக்குள் வந்து, வரிசையில் நின்று, கதைத்தபடி கையை நீட்டினால் யாருக்கும் கூடத்தான் காட்டும். அரை மணித்தியாலத்துக்கு முன் தேத்தண்ணியோ பீடியோ வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் நிலத்தில் பட, பேசாமல் இருந்துவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரஷர் என்று எடுக்கலாம். வீட்டு மெஷினில் என்றால் 135/85.

அது உறுதியாகி, 160/100ஐத் தாண்டாமல், நீரிழிவு, சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் ஒன்றும் இல்லாவிட்டால், டொக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து பார்க்கலாம். இதனால் உண்மையாகவே பலன் உண்டு. ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். உப்பை ஒழுங்காகக் குறைத்தால் ஐந்து புள்ளியளவு இறங்கும். ஆனால் 175இல் நிற்கும் ஒருவரை நடை மட்டும் 130க்குக் கொண்டுவராது. அவர் குளிசையைத் தள்ளிப்போடக் கூடாது.

புதுக்குடியிருப்பு, 58 வயது: மூன்று வருடமாக லொசார்டன் போடுகிறேன். போன கிளினிக்கில் 124/78. உடம்பில் ஒரு குறையும் இல்லை. இனி நிறுத்தலாம்தானே?

அம்மா, இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் கவலை தருவது. 124/78 என்பது குளிசை போட்டதால் வந்த அளவு. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. பிரஷர் கூடினால் தலை இடிக்கும், பிடரி இறுகும் என்று நம்பி, அது இல்லாதபோது குளிசையை விட்டவர்களைப் பாரிசவாதத்தோடு வார்ட்டில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோருக்குப் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. உடம்பு சொல்வதை நம்பி நிறுத்தாதீர்கள், அளவைப் பார்த்து முடிவெடுங்கள்.

அதற்காக என்றைக்கும் குறைக்கவே முடியாது என்றில்லை. எடை நன்றாகக் குறைந்து, உப்பு குறைந்து, பல மாதமாக அளவு கீழேயே நின்றால் டொக்டர் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்ப்பார். சிலருக்கு நிறுத்தியும் விடுவார், பிறகு அடிக்கடி அளந்து பார்ப்பார்கள். "குறைக்கலாமா டொக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் வீட்டில் விட்டுவிட்டு, கிளினிக் நாளன்று காலையில் மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு வருவதுதான் ஆபத்து. அட்டெனொலோல் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் இருதயத்துக்கே பாதிப்பு வரலாம்.

ஒட்டுசுட்டான், விவசாயி: வயலில் இவ்வளவு வியர்வை சிந்துகிறேன். எனக்கு ஏன் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்? நடக்கவும் வேண்டுமாம்!

தம்பி, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் சாப்பாட்டில் இது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்: சோற்றில் உப்பு, கறியில் உப்பு, சொதியில் உப்பு, சம்பலில் உப்பு. பக்கத்தில் பொரித்த கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய். காலையில் கடைப் பாண், பின்னேரம் மிக்சர். பாணிலும் உப்பு இருக்கிறது என்று பலர் நினைப்பதே இல்லை. சாதாரண வியர்வை இவ்வளவையும் வெளியே கொண்டுபோகாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். கருவாட்டை வாரத்தில் ஒரு நாளாக்கி, நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்துங்கள். தேசிக்காயும் மிளகும் உள்ளியும் கூட்டுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இதில் சமைப்பவர் பங்குதான் பெரிது, ஆகவே அடுத்த கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நடை பற்றி: காலபோக வேலை நடக்கும்போது தனியாக நடக்கத் தேவையில்லை. ஆனால் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் எத்தனை நாள் மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிறோம்? அந்த நாட்களில் அரை மணித்தியாலம் நடவுங்கள். இன்னொன்று, சிறுநீர் போக்கும் குளிசை போடுபவர்கள் கடும் வெயிலில் தலைசுற்றினால் நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அதைக் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி, மகள்: குளிசை கிட்னியைப் பழுதாக்கும் என்று அயலில் சொல்கிறார்கள். அம்மா பயந்துபோய் இருக்கிறா.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம். ஆனால் தங்கச்சி, கட்டுப்படாத பிரஷர்தான் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. லொசார்டன், எனலாப்ரில் வகை பலருக்குச் சிறுநீரகத்தைப் பாதுகாக்கவே கொடுக்கப்படுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினையும், பொட்டாசியத்தையும் இடையிடையே இரத்தத்தில் பார்த்தால் போதும். நான் பயப்படுவது, மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபன் குளிசைகளுக்கு. அவை பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும்.

அம்லோடிப்பின் என்ற பிரஷர் குளிசையால் கணுக்கால் வீங்கினாலோ எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தாலோ சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

மாங்குளம்: உள்ளியும் முருங்கையிலையும் போதாதா?

சாப்பாடாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல. அதிமதுரம் சேர்ந்த கஷாயத்தைத் தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும், அதைத் தவிருங்கள்.

முள்ளியவளை, 29 வயது: எனலாப்ரில் போடுகிறேன். பிள்ளை தங்கியிருக்கிறது போல.

தங்கச்சி, அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே டொக்டரைப் பாருங்கள். அந்த மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மெதில்டோபா போன்ற பொருத்தமான ஒன்றுக்கு மாற்றித் தருவார்கள்.

பரந்தன்: அப்பாவுக்கு வீட்டு மெஷினில் 190/110 காட்டினால் என்ன செய்வது?

ஐந்து நிமிடம் இருக்கவிட்டு மறுபடி பாருங்கள். வேறு ஒன்றும் இல்லாமல் அளவு மட்டும் கூட என்றால், குளிசை தவறியதா என்று கேட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மற்றவரின் குளிசையை நாக்கின் கீழ் வைத்து அவசரமாக இறக்கப் பார்க்காதீர்கள். முகம் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல், நெஞ்சு நோ, மூச்சு முட்டுதல், பார்வை மங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். போகும்போது கிளினிக் கொப்பியையும் அவர் போடும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.