பாதி காது, பாதி கண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு 74 வயது. டீ ஃபேக்டரியில் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எதிரில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரிகிறது. அதையே அடுப்படியில் இருந்து சொன்னால் ‘என்ன? என்ன?’ என்கிறார். பனிக்காலத்தில் இன்னும் மோசம். ‘அப்பாவுக்கு வேண்டியது மட்டும் நல்லா கேட்கும்’ என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதானால் இப்படி ஆகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. அவர் நடிக்கவில்லை. எதிரில் உட்காரும்போது உங்கள் வாயையும் பார்க்கிறார். அடுப்படியில் இருந்து பேசினால் அந்தத் துணை போய்விடுகிறது.

வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் ‘சத்தம் கேட்குது, சொல்றது புரியல’ என்கிறார்கள். வருஷக்கணக்கில் மெஷின் இரைச்சலில் நின்ற காது என்றால் கேட்கவே வேண்டாம்.

‘பாட்டு’, ‘காட்டு’, ‘மாட்டு’ மூன்றையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். ‘பா’வுக்கும் ‘மா’வுக்கும் உதடு மூடித் திறக்கிறது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ‘கா’வுக்கு உதடு மூடுவதில்லை. மங்கிய காதுக்குப் பாட்டும் காட்டும் குழம்பும், உதடு அதைத் தீர்த்துவைக்கும். பாட்டா மாட்டா என்பதை உதடு சொல்லாது. ஆனால் ‘மா’வின் மூக்கொலி தாழ்ந்த ஒலி, அது மங்கிய காதிலும் விழும். ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்கிறது. நம் உடம்பில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இது முதியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர், ‘பாபா’ என்ற குரலை ‘காகா’ என்று அசையும் வாயோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கேட்டது ‘தாதா’! நல்ல காதுக்காரர்களும் கண்ணால்தான் பாதி கேட்கிறார்கள்.

வயதானால் உதட்டை மட்டும் பார்த்துச் சொல்லைப் பிடிக்கும் திறமை குறைகிறது. ஆனால் கேட்டதையும் பார்த்ததையும் சேர்க்கும் மூளையின் வேலை அவ்வளவாகத் தேய்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இரண்டும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

பனிக்காலத்தில் நாம் மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டுதானே பேசுகிறோம்? வாயை மூடாமல் பேசுங்கள். மூடுபனி இறங்கினால் பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு, லைட்டைப் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அப்புறம், கத்த வேண்டாம். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், வாயும் கோணிப்போகும். புரியவில்லை என்றால் அதையே வேறு சொல்லில் சொல்லுங்கள்.

‘வேண்டியது மட்டும் கேட்கும்’ என்ற பேச்சு எனக்கு வருத்தமாக இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டே எத்தனையோ பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஊட்டியிலோ கோவையிலோ காதைக் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தால் முதலில் அதை எடுப்பார்கள். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். கண்ணையும் காட்டிவிடுங்கள். புரை இருந்தால் உங்கள் வாய் அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து காட்டும் ஆடியோகிராம் தாளில் கோடு எங்கே சரிகிறது என்று அவரே பார்க்கட்டும்.