தூரிகைக் கேள்வி பதில்: பேய் முகங்களும் நீர்வண்ணமும்

கே: 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அரக்கனை வரைகிறேன். பச்சை முகத்தில் நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் சேறாகிவிடுகிறது. ஏன்?
- வாசகி, ஈசூன்

ப: கறுப்புக் குழாயை மூடி வையுங்கள். தாலோ பச்சையில் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பைக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பே வந்துவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். பச்சை தூக்கலாக இருந்தால் குளிர்ந்த நிழல். சிவப்பு கூடினால் செத்த சதை. கண்குழிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். கிரிம்சனில் ‘பெர்மனென்ட்’ என்று போட்டதை வாங்குங்கள். பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

இன்னொன்று, ஈரத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். மூன்று பூச்சு போதும்: முகம் முழுக்கத் தண்ணீராக ஒன்று, நிழல் பக்கம் பால் பதத்தில் ஒன்று, கண்குழிக்கும் புருவ மேட்டின் அடிக்கும் மட்டும் கெட்டியாக ஒன்று.

படமோ கறுப்பு வெள்ளை. ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ், போரிஸ் கார்லாஃப் முகத்தில் பச்சைச் சாயல் பூசியதே கேமராவில் பிணமாக வெளிறித் தெரியத்தான். பச்சை எந்தப் பச்சை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஓவியத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நெற்றியும் கண்குழியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

கே: இரண்டாம் பூச்சு போட்டதும் பூக்கோசு மாதிரி கறை விரிகிறது.
- வாசகர், தெம்பனிஸ்

ப: நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் தாளின் பளபளப்பு போனாலும் உள்ளே ஈரம் நிற்கும். அப்போது தண்ணீர் நிறைந்த தூரிகை பட்டால், அந்தத் தண்ணீர் நிறத்துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் காயவில்லை. ஏர்கானை ‘டிரை’யில் வைத்துக் காயவிடலாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் தாள் நல்லது. மிச்சத்தைச் சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் பையில் வையுங்கள். பூஞ்சை பிடித்த தாளில் பசைப்பூச்சு கெட்டு, நிறம் திட்டுத்திட்டாக இறங்கும். 1922இன் ‘நோஸ்ஃபெராட்டு’ படத்து ரத்தக்காட்டேரியின் மொட்டைத் தலைக்கு மட்டும் இதே கறையை வேண்டுமென்றே போடலாம், அருமையாக இருக்கும்.

கே: மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக்கின் வெள்ளை உடையைக் காப்பாற்ற, நிறம் படாமல் தடுக்கும் மாஸ்கிங் திரவம் பூசினேன். உரிக்கும்போது தாளும் கிழிகிறது.
- வாசகி, பிடோக்

ப: அதன்மேல் ஹேர் டிரையர் பிடித்தீர்களா? சூட்டில் திரவம் தாளோடு ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயவிட்டு, அன்றே உரித்துவிடுங்கள். பூசும் தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்தால் மயிர் பிழைக்கும். பார்த்து வரைய 1958இன் ‘சும்பா பொந்தியானாக்’ இருக்கிறது. பி.என். ராவ் 1957இல் இயக்கிய முதல் பொந்தியானாக் படம் தொலைந்துபோனதாகவே கருதப்படுகிறது.